கட்டுச்சோறு கட்டியது யார்?

ஜப்பானியப் பள்ளிக்கூட அனிமேக்களில் ஒரு காட்சி தப்பாமல் வரும். மதிய மணி அடிக்கும். மொட்டைமாடியிலோ சன்னலோர மேசையிலோ பிள்ளைகள் கூடி உட்கார்ந்து ‘பெந்தோ’ என்கிற கட்டுச்சோற்றுப் பெட்டியைத் திறப்பார்கள். சுருட்டிய முட்டை, எட்டுக்கால் விரித்த ஆக்டோபஸ்போல் நறுக்கி வதக்கிய சிவப்பு சாசேஜ், வெள்ளைச் சோற்றின் நடுவே பொட்டு வைத்ததுபோல் ஓர் ஊறுகாய்ப் பழம். ஆறிப்போன சோற்றைக்கூட அத்தனை ஆசையாக வரைந்திருப்பார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் முட்டைத் துண்டைப் பறித்து வாயில் போட்டுக்கொள்வாள். சிரிப்பு. காட்சி மாறிவிடும்.

அந்தப் பெட்டியைக் கட்டியது யார்? விடியுமுன் எழுந்து சாசேஜுக்குக் கால் வெட்டிய கை யாருடையது? கதைக்கு அந்தக் கேள்வி வேண்டாம். பள்ளிச் சுற்றுச்சுவருக்குள் சோறு வந்து சேர்ந்துவிடுகிறது, மழை வருவதுபோல.

அமெரிக்க மானுடவியலாளர் ஆன் அலிசன் 1991இல் இந்தப் பெட்டியைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஜப்பானில் தன் பிள்ளையை மழலையர் பள்ளிக்கு அனுப்பிய தாய் அவர். அல்துஸரின் ‘கருத்தியல் அரசு எந்திரம்’ என்ற சொல்லை எடுத்து நேரே சோற்றுப் பெட்டியின்மேல் ஒட்டினார். மீதம் வைக்காமல், குறித்த நேரத்துக்குள் தின்று முடிப்பது பிள்ளைக்கான பயிற்சி. பிள்ளை தின்று முடிக்கும்படி அழகாகக் கட்டிக் கொடுப்பது தாய்க்கான தேர்வு. இரண்டையும் மேற்பார்ப்பவர் ஆசிரியர். அரசு அடுக்களைக்குள் நுழையப் போலீஸ்காரர் வேண்டியதில்லை, மூடிபோட்ட ஒரு சின்னப் பெட்டி போதும் என்று அந்தக் கட்டுரையை நான் புரிந்துகொண்டேன்.

‘ஸ்லைஸ் ஆஃப் லைஃப்’ என்று ஆங்கிலத்திலும், அன்றாடம் சார்ந்தது என்ற பொருளில் ‘நிச்சிஜோ-கெய்’ என்று ஜப்பானியத்திலும் அழைக்கப்படும் இந்த வகைக்கு நம்மிடமும் பெரிய கூட்டம் சேர்ந்துவிட்டது. மனதை ஆற்றித் தருகிற பிரிவுக்கு ‘இயாஷிகெய்’ என்று தனிப்பெயரே உண்டு. என் மாணவிகள் விடுதி அறையில் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். “நிம்மதியா இருக்கு மேம்” என்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை, கிப்லி படங்கள் வழியாக உள்ளே வந்து, ஹைக்கூ, ஜென், தேநீர் என்று ஜப்பானை ஒரு பூந்தொட்டியாக்கி எழுதுமேசைமேல் வைத்திருக்கும் சிற்றிதழ் நண்பர்களோடு. “பள்ளிக்கூடக் கதையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. பள்ளியைத் தாண்டிய அன்றாடக் கதைகளைப் பாருங்கள், எளிமையின் அழகு தெரியும்” என்கிறார்கள். ஜென் என்று சொல்லிவிட்டால் எச்சில் தட்டு தானே துலங்கிவிடும் என்ற நம்பிக்கை இவர்களுக்கு.

பார்த்தேன். படித்தேன். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை: பள்ளியைத் தாண்டிய கதைகளில்தான் எல்லாம் தெரிகிறது. ஏனென்றால் அங்கே ஒளிந்துகொள்ளச் சுவர் இல்லை. அலுவலகம் போனவர் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும், உலை ஏறியாக வேண்டும், அதை யாரோ ஏற்றியாக வேண்டும். யார் ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்தே இந்தக் கதைகள் நடந்துகொள்கின்றன. பெண் ஏற்றினால் அது பின்னணி ஓவியம். ஆண் ஏற்றினால் அதுதான் கதை.

‘தி வே ஆஃப் தி ஹவுஸ்ஹஸ்பண்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓனோ கோசுகே 2018இல் தொடங்கிய மங்கா, 2021இல் நெட்ஃபிளிக்ஸில் அனிமேயாக வந்தது. தாத்சு ஒருகாலத்தில் யாகுசா கும்பலையே நடுங்கவைத்த ரவுடி. இப்போது இல்லத்தரசன். மனைவி மிக்கு வேலைக்குப் போகிறாள். இவன் சமைக்கிறான், துவைக்கிறான், தள்ளுபடி விற்பனைக்கு ஓடுகிறான். கதை தொடங்குவதே கட்டுச்சோற்றில்தான். மனைவிக்கு அழகழகாய்க் கட்டிவைத்த பெட்டியை அவள் மறந்துவிட்டுப் போக, கறுப்புக் கண்ணாடியும் முகத்தில் வெட்டுத் தழும்புமாய் சைக்கிளை மிதித்துத் துரத்துகிறான். வழியில் போலீஸ் மறிக்கிறது. சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எதில் ஓடுகிறது என்று பாருங்கள். கொலைக்குக் கிளம்புகிறவனின் முகபாவத்தோடு ஒருவன் கறை நீக்குகிறான். முகபாவம் கனமானது, கறை நீக்குவது அற்பமானது. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளம்தான் நகைச்சுவை. அந்த வேலை அற்பம் என்று வாசகர் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால்தான் சிரிப்பு வரும். அதே பெட்டியை, அதே கவனத்தோடு, மிக்கு கட்டியிருந்தால் அதற்குப் பெயர் செவ்வாய்க்கிழமை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துவைப்பதற்கும் அடுக்குவதற்கும் அறிவு வேண்டும், கைத்திறன் வேண்டும் என்பதை இந்தத் தொடர் அளவுக்கு மதித்துக் காட்டிய தொடர்கள் குறைவு. ஆணின் கை பட்ட பிறகுதான் அந்த மதிப்பு அதற்குக் கிடைத்தது என்பதே என் வழக்கு.

தாத்சு ஒருவன் என்றால் விட்டுவிடலாம். ‘ஸ்வீட்னஸ் அண்ட் லைட்னிங்’ என்று ஆங்கிலத்தில் வந்த தொடரில் மனைவியை இழந்த கணக்கு வாத்தியார் ஒருவர், தன் சின்ன மகளுக்காகச் சமைக்கக் கற்றுக்கொள்கிறார். மண்சட்டியில் சோறு வடிவாக வெந்து வருவது அங்கே ஒரு வீரச்செயல். கண் கலங்கத்தான் செய்கிறது. கூடச் சமைக்கும் மாணவி கோத்தோரி, உணவகம் நடத்தும் தன் அம்மாவுக்கு நேரம் இல்லாததால் தனியே உட்கார்ந்து சாப்பிடுகிறவள். அப்பா அடுக்களைக்குள் போனால் குழந்தைக்கு வாழ்வு. அம்மா வெளியே போனால் குழந்தைக்குத் தனிமை. தொடரின் தேன் எல்லாம் முதல் பாதியின்மேல் ஊற்றப்படுகிறது.

வீட்டுக்குள்ளே நடப்பது என்ன? ஜப்பான் அரசு 2021இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தம்பதியரில் வீட்டுவேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் கணவன் ஒரு நாளில் செலவிடும் நேரம் 1 மணி 54 நிமிடம். மனைவி செலவிடுவது 7 மணி 28 நிமிடம். கதைகளோ அந்த 1 மணி 54 நிமிடத்துக்குள் குடியிருக்கின்றன. மிச்ச நேரத்தை வரையத் தாள் பற்றவில்லை போலும்.

இந்த அப்பாக்களில் மிகவும் கொண்டாடப்பட்டவன் ‘உசாகி டிராப்’பின் டைக்கிச்சி. யுமி உனிடா வரைந்து, பெண்களுக்கான ‘ஃபீல் யங்’ இதழில் 2005இல் தொடங்கி 2011 வரை வந்த மங்கா. 2011இல் அனிமேயும் வந்தது. முப்பது வயது பிரம்மச்சாரி டைக்கிச்சி தாத்தாவின் சாவுக்குப் போகிறான். அங்கே தாத்தாவுக்குப் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆறு வயதுப் பெண்குழந்தை ரின் நிற்கிறாள். உறவுக் கூட்டம் மூக்கைச் சுளிக்கிறது, விடுதியில் விடலாமா என்று பேசுகிறது. கோபம் வந்து, “என் வீட்டுக்கு வர்றியா?” என்று கேட்டு அழைத்துப்போகிறான். அதன்பின் குழந்தைகள் காப்பகம் தேடுவது, ஓவர்டைம் இல்லாத பிரிவுக்கு மாற்றல் கேட்பது, மழை, காய்ச்சல், விழுந்த பல். அனிமே அழகானது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் டைக்கிச்சி மாற்றலாவதற்கு முன் யாரிடம் போய் யோசனை கேட்கிறான் தெரியுமா? பிள்ளை பெற்றதும் தன் பதவியை விட்டு வேறு பிரிவுக்கு இறங்கிப்போன சக ஊழியை ஒருத்தியிடம். அவன் இப்போது செய்யப்போவதை அவள் முன்பே செய்து முடித்துவிட்டாள். அவளைப் பற்றி யாரும் தொடர் வரையவில்லை. அவள் ஒரு காட்சிக்கு வந்து, தகவல் சொல்லிவிட்டுப் போகிறாள்.

இதைவிடக் கசப்பானது ரின்னைப் பெற்றவளின் கதை. மசாக்கோ இளம்பெண். மங்கா வரைகிறவள். வரைவதற்காகக் குழந்தையை விட்டுவிட்டுப் போனவள். டைக்கிச்சி அவளைத் தேடிப் பிடித்து எதிரே உட்காரும்போது, படிக்கிற நாம் எல்லோரும் அவன் பக்கம் உட்கார்ந்துவிடுகிறோம், அப்படித்தான் வரையப்பட்டிருக்கிறது. அவள் சிடுசிடுக்கிறாள், சுயநலம் பேசுகிறாள். தாத்தாவின் கல்லறைக்கு வந்த இடத்தில் மகளை மறைந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். வேலையைச் சற்றே குறைத்துக்கொண்டு குழந்தையைச் சேர்த்துக்கொண்ட ஆண் இங்கே தெய்வம். குழந்தையை விட்டு வேலையைச் சேர்த்துக்கொண்ட பெண் பேய். ஆனால் அவள் கையில் இருக்கும் பேனாவும் மையும் கெடு தேதியும் எதற்கானவை? நாம் கையில் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கும் இதே பொருளைச் செய்வதற்கானவை. மங்கா வரைவது தூக்கத்தைத் தின்கிற தொழில். அதைச் செய்யும் ஒரு பெண், அதே தொழிலைச் செய்யும் இன்னொரு பெண்ணை வில்லியாக வரைந்திருக்கிறாள். இதைத் துரோகம் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் தமக்குள்ளே வைத்திருக்கும் நீதிமன்றம் எத்தனை கடுமையானது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சியம் எனக்குக் கிடைத்ததில்லை.

அனிமேயில் நின்றுவிட்டவர்கள் பாக்கியசாலிகள். மங்கா பத்தாண்டைத் தாவி மேலே போகிறது. வளர்ந்த ரின் டைக்கிச்சியைக் காதலிக்கிறாள். இரத்த உறவு இல்லை என்று வசதியாகத் தெரியவருகிறது. மகளாக வளர்த்தவனுக்கே மனைவியாகிறாள். வாசகர்கள் கொதித்தார்கள், இன்றும் பலர் அந்தப் பின்பாதியை இல்லாததாகவே பாவிக்கிறார்கள். எனக்கு அது விபத்தாகத் தெரியவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் முராசாக்கி ஷிக்கிபு எழுதிய ‘கெஞ்சியின் கதை’யில் கெஞ்சி ஒரு சிறுமியைத் தூக்கிவந்து, தன் விருப்பப்படி வளர்த்து, மனைவியாக்கிக்கொள்கிறான். ஆண் பிள்ளை வளர்த்தால் அதற்கு ஒரு கூலி உண்டு என்ற நினைப்பு அத்தனை பழையது. எந்தத் தாய்க்கும் இப்படிக் கூலி கேட்கத் தோன்றாது. தாய்க்குக் கூலி என்ற சொல்லே அகராதியில் இல்லை.

அந்த அகராதியை எழுதிவைத்த வீடு ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் மாலை 6.30க்கு, 1969 அக்டோபரிலிருந்து, ஜப்பான் முழுக்க அதன் கதவு திறக்கிறது: ‘சசாயே-சான்’. உலகிலேயே மிக நீண்ட காலம் ஓடும் அனிமே தொடர் என்று கின்னஸில் ஏறியது. சசாயேவும் கணவனும் குழந்தையும், சசாயேவின் பெற்றோரும் தம்பி தங்கையும் ஒரே கூரையின்கீழ். யாருக்கும் வயதாவதில்லை. அம்மா ஃபுனே கிமோனோவின்மேல் வெள்ளை அடுக்களை அங்கி போட்டுக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேலாக அதே சமையலறையில் இருக்கிறாள். அந்த நிகழ்ச்சி முடிந்ததும் நாளை திங்கட்கிழமை என்ற நினைப்பில் வருகிற சோர்வுக்கு ஜப்பானியர் ‘சசாயே-சான் நோய்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஃபுனேவுக்கு அந்த நோய் வராது. அவளுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்று.

முல்லைத் திணையின் உரிப்பொருள் ‘இருத்தல்’ என்று வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: “இருந்த நேரத்துல அந்தம்மா என்னதான் மேம் செஞ்சுட்டு இருந்தாங்க?” ஃபுனேவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் வருகிறது.

இந்தத் தொடருக்கு மூலமான நான்கு கட்டச் சித்திரக்கதையை 1946இல் ஃபுகுவோக்காவின் மாலைப் பத்திரிகை ஒன்றில் தொடங்கியவர் ஹாசெகவா மச்சிகோ. பிறகு ‘அசாஹி ஷிம்புன்’ நாளிதழுக்குப் போய் 1974 வரை வரைந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தமக்கையோடு சேர்ந்து பதிப்பகம் நடத்தினார்; அதன் பெயரே ‘சகோதரிகள் நிறுவனம்’ என்று பொருள்படும் ‘ஷிமாய்-ஷா’. கணவன் இல்லாமல், சொந்தக் காசில், சொந்தப் பதிப்பகத்தில், நாட்டுக்கே ஒரு குடும்பத்தை வரைந்து கொடுத்த பெண் அவர். அவருடைய சசாயேவுக்கு வாய் அதிகம், அவசரம் அதிகம். போருக்குப் பிந்தைய பஞ்சமும் பங்கீடும் அந்தக் கட்டங்களுக்குள் வந்து போகும். தொலைக்காட்சிக்கு வந்தபோது அந்தக் காரம் போய், நாட்டின் நினைவேக்கம் ஒன்று மிஞ்சியது.

தொடக்கத்திலிருந்து 2018 வரை அதற்குப் புரவலராக இருந்தது தோஷிபா. 1955 டிசம்பரில் ஜப்பானின் முதல் தானியங்கி மின்சார ரைஸ் குக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்த அதே தோஷிபா. அந்த குக்கரை உருவாக்கும் பொறுப்பை நிறுவனம் மினாமி யோஷிததா என்ற சிறு பட்டறைக்காரரிடம் கொடுத்தது. வெளிப்பானையில் ஊற்றிய நீர் வற்றியதும் வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டும். இரட்டை உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். நுட்பம் இவ்வளவுதான். ஆனால் எத்தனை நிமிடம் கொதித்தால் எந்த அரிசி எந்தப் பதத்துக்கு வரும் என்பதை எந்தப் பொறியாளரும் அறியவில்லை. அதை அறிந்துசொன்னவர் அவருடைய மனைவி ஃபுமிக்கோ. பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நாளெல்லாம் திரும்பத் திரும்பச் சோறு வைத்து, வெப்பத்தை அளந்து, குறித்துவைத்து, குளிரிலும் வெயிலிலும் சோதித்துப் பார்த்தவர் அவர். ஆய்வகம் வைத்து ஓர் ஆண் செய்திருந்தால் ஆராய்ச்சி என்போம். அன்றாடம் என்று ஒரு கலை வகைக்கே பெயர் வைத்திருக்கும் நாட்டில், கோடிக்கணக்கான பெண்களின் விடியற்காலைத் தூக்கத்தை மீட்டுக்கொடுத்த ஃபுமிக்கோவின் நாட்களைவிட நல்ல அன்றாடக் கதை இருக்க முடியுமா? நான் பார்த்தவரை அனிமேக்களில் குக்கர் இருக்கிறது. ஃபுமிக்கோ இல்லை.

“அப்படியானால் வேலைக்குப் போகும் பெண்களின் கதைகள்?” என்று கேட்பார்கள். உண்டு. அவற்றில் கூர்மையானது மோயோக்கோ அன்னோ 2004இல் தொடங்கிய ‘ஹதாரகி மான்’, 2006இல் அனிமே. இருபத்தெட்டு வயது மத்ஸுகாத்தா ஹிரோகோ வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் குழுவில் இருக்கிறாள். வேலை நெருக்கினால் ‘ஆண் சுவிட்ச்’சைப் போடுகிறாள். போட்டதும் மும்மடங்கு வேகம்; சோறு, உடை, குளியல், காதலன் எல்லாம் மறந்துபோகும். வேலை செய்யப் பெண் ஆணாக வேண்டும் என்பதை இத்தனை பச்சையாக எந்தக் கோட்பாட்டு நூலும் சொன்னதில்லை. ஆனால் ஒரு விவரம் விட்டுப்போகிறது. ஆணுக்கு அந்த சுவிட்ச் வேலை செய்வது, அவன் மறந்த சோற்றை நினைவு வைத்துக்கொள்ள வீட்டில் ஒருத்தி இருப்பதால். ஹிரோகோவுக்கு அப்படி ஒருத்தி இல்லை. அன்னோவுக்கு இது தெரியாததல்ல. அவரே தன் கணவரும் ‘இவாஞ்செலியன்’ இயக்குநருமான ஹிதெயாக்கி அன்னோவோடு வாழும் வாழ்க்கையை இன்னொரு மங்காவாக வரைந்து, அது 2005இல் நூலாக வந்தது. சரியாகக் குளிக்காத, சாப்பாட்டையும் உடையையும் பொருட்படுத்தாத மேதை ஒருவரை மனிதராக்கும் மனைவியின் சிரிப்புக் கதை அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் சோற்றை மறக்கும் பெண், இன்னொன்றில் சோற்றை நினைவூட்டும் பெண். வரைந்த கை ஒன்றே. ‘ஹதாரகி மான்’ 2008இல் அன்னோவின் உடல்நலக் குறைவால் பாதியில் நின்றது.

இசாவோ தகாஹதாவின் ‘ஒன்லி எஸ்டர்டே’யைச் (1991) சொல்லாமல் விட்டால் கிப்லி நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். அது பெரிய படம். மூல மங்காவில் பத்து வயதுச் சிறுமியின் பள்ளி நினைவுகள் மட்டுமே. இருபத்தேழு வயது அலுவலகப் பெண் தாயெக்கோவை தகாஹதா சேர்த்தார். தோக்கியோவிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு யாமகதா கிராமத்துக்குச் செந்துருக்கப்பூ பறிக்கப் போகிறாள். அந்தப் பூவிலிருந்து எடுத்த உதட்டுச் சாயம் ஒருகாலத்தில் பொன்னுக்கு நிகரானது. முள் குத்தக் குத்தப் பறித்த கிராமத்துப் பெண்களோ ஆயுளில் ஒருமுறைகூட அதைப் பூசியதில்லை. படமே இதைச் சொல்கிறது, அதற்காகவே நான் அதை மதிக்கிறேன். கடைசி இரவில் அந்த வீட்டுப் பாட்டி, “தோஷியோவுக்கு மருமகளாக வந்துவிடேன்” என்கிறாள். கிராமம் எத்தனை அழகு என்று பத்து நாளாகப் பேசிக்கொண்டிருந்தவள் வெலவெலத்து இருட்டில் வெளியே ஓடுகிறாள். அந்த ஓட்டம் உண்மை. ஆனால் பெயர்ப்பட்டியல் ஓடும்போது படம் அவளை ரயிலிலிருந்து இறக்கித் திரும்ப அழைத்துவந்து விடுகிறது, பாட்டு வேறு.

பாட்டி ஏன் கெஞ்சினாள் என்பதைப் படம் சொல்லாது. எண்பதுகளில் அந்த மலைநாட்டு விவசாயக் குடும்பங்களுக்கு மருமகள் கிடைக்கவில்லை. மாமியாருக்கும் வயலுக்கும் அடுக்களைக்கும் சேர்த்து உழைப்பது எப்படி இருக்கும் என்பதைத் தங்கள் அம்மாக்களிடம் பார்த்திருந்த பெண்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். 1985இல் அதே யாமகதா மாகாணத்தின் அசாஹி ஊர் நிர்வாகம், தானே முன்னின்று பிலிப்பைன்ஸிலிருந்து பெண்களை வரவழைத்து உள்ளூர் ஆண்களுக்கு மணம் முடித்து வைத்தது. உள்ளூர்ப் பெண்கள் வேண்டாம் என்று விட்டுப்போன வேலைக்கு ஏழை நாட்டுப் பெண்கள். தாயெக்கோ ரயிலைவிட்டு இறங்கியதை அழகு என்று உருகுகிறவர்கள், ரயிலேறிப்போன அந்தப் பெண்களின் கணக்கையும் ஒருநாள் பார்க்கலாம்.

“ஆறுதலுக்காகப் பார்ப்பதில் இதையெல்லாம் நோண்ட வேண்டுமா?” என்பது வழக்கமான மறுப்பு. ஆறுதல் யாருக்கு என்றுதான் நோண்டுகிறேன். உழைத்துக் களைத்தவர் அடுத்தவரின் அடுக்களையைப் பார்த்து ஆறுகிறார்; அந்த அடுக்களையில் நிற்பவர் எதைப் பார்த்து ஆறுவார்? இன்னொரு மறுப்பு: இவற்றில் பாதியைப் பெண்களே வரைந்தார்களே. ஆம். நிறுவனமும் அவர்களுடையதாக இருக்கவேண்டியதுதான். அன்றாடத்தை வரைவதில் உலகமே வியக்கும் கியோத்தோ அனிமேஷன் எப்படித் தொடங்கியது? ஒசாமு தெசுகாவின் முஷி புரொடக்‌ஷனில் வண்ணம் தீட்டும் வேலை பார்த்த ஹத்தா யோக்கோ, மணமாகி கியோத்தோ பக்கம் குடிவந்தபின், 1981இல் அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துக்கொண்டு அதே வேலையை எடுத்துச் செய்ததில். பாத்திரம் கழுவி முடித்த கைகள் செல் தாள்களில் வண்ணம் தீட்டின. அந்த வகையின் தொப்புள்கொடி அங்கே இருக்கிறது. 2019 ஜூலை 18 அன்று அந்த நிறுவனத்தில் ஒருவன் தீ வைத்ததில் இறந்த 36 பேரில் பெரும்பாலோர் பெண்கள்.

அந்தத் தீயில் இறந்தவர்களில் ஒருவர் இயக்குநர் யசுஹிரோ தக்கெமோட்டோ. அவருடைய ‘மிஸ் கோபயாஷிஸ் டிராகன் மெய்ட்’ (2017) எனக்குப் பிடித்த தொடர் என்று சொன்னால் தோழிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கக் காரணமும் உண்டு. பெண் டிராகன்களின் மார்பை வரைந்த விதமும், சிறுவன் ஒருவனை வைத்துச் செய்யும் ‘நகைச்சுவை’யும் அருவருப்பானவை, அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் கோபயாஷியைப் பாருங்கள். கணினி நிறுவனத்தில் வேலை, தீராத முதுகுவலி, இரவு குடித்தால் உளறல், காலையில் ரயில் நெரிசல். அவளுக்குத் தேவைப்படுவது கணவன் அல்ல, ஒரு மனைவி. அவளுக்குச் சோறாக்கிவைத்துக் காத்திருக்க இந்த உலகத்தில் யாரும் இல்லை. வேற்றுலகத்திலிருந்து ஒரு டிராகன் பறந்து வர வேண்டியிருக்கிறது. கற்பனைக்குள் கற்பனையாக இதைவிட யதார்த்தமான வரி எழுத முடியாது. பிறகு சின்ன டிராகன் கன்னாவின் விளையாட்டு விழா வருகிறது. வேலை இருக்கிறது, வரமுடியாது என்கிறாள் கோபயாஷி. குழந்தை முகம் வாடுகிறது. அதன்பின் அந்த ஒரு நாள் விடுப்புக்காக அவள் முன்கூட்டியே வேலையை முடித்துத் தள்ளும் இரவுகளைத் தொடர் நின்று காட்டுகிறது. அன்பு என்பதற்கு எத்தனை மணிநேரம் பிடிக்கும் என்று எண்ணிக் காட்டும் தொடர் எனக்குப் போதும். விழா நாளில் கட்டுச்சோறும் வருகிறது, அதைக் கட்டியது யார் என்பதும் நமக்குத் தெரியும்.

வயதான பெண்களிடம் வரும்போது இந்த வகை இன்னும் கொஞ்சம் துணிகிறது, யாரும் கவனிக்கவில்லை என்ற தைரியத்தில் போலும். யூகி ஒசாவா 2016இல் தொடங்கிய ‘சன்ஜு மாரிக்கோ’வில், நான்கு தலைமுறை நெருக்கியடிக்கும் வீட்டில் தனக்கு இடமில்லை என்று தெரிந்துகொள்ளும் எண்பது வயது எழுத்தாளர் ஒருத்தி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி இணையக் கஃபே ஒன்றில் போய்த் தங்குகிறாள். சமைக்க வேண்டியதில்லை, சமைத்துத் தரச் சொல்லவும் ஆள் இல்லை. மடிக்கணினி இருக்கிறது, எழுதுகிறாள்.

கவோரி த்சுருதானியின் ‘மெத்தமோர்ஃபோஸ் நோ எங்கவா’வில் எழுபத்தைந்து வயது இச்சினோயி கணவரை இழந்தவர், வீட்டிலேயே தூரிகை எழுத்துக் கற்றுக்கொடுக்கிறவர். ஒரு வெயில் நாளில் புத்தகக் கடைக்குள் ஒதுங்குகிறார். அட்டைப்படம் அழகாக இருக்கிறதே என்று ஒரு மங்காவை வாங்கிவருகிறார். திறந்து பார்த்தால் இரண்டு பையன்கள் காதலிக்கிறார்கள். மூடிவைக்கவில்லை. மேலே என்ன ஆகிறது என்று தெரிந்தாக வேண்டும். கடையில் பகுதிநேர வேலை பார்க்கும் பதினேழு வயது உராராவும் அதே கதையின் ரகசிய வாசகி என்று தெரியவருகிறது. இருவரும் இச்சினோயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தொடங்குகிறார்கள். தலைப்பிலுள்ள ‘எங்கவா’ அந்தத் திண்ணைதான்.

அந்தத் தொடரின் ஒரு பாகம் வெளிவர ஒன்றரை ஆண்டு ஆகும் என்று இச்சினோயிக்குத் தெரியவருகிறது. தன் வயதை எடுத்துக்கொண்டு, இன்னும் எத்தனை பாகம் படிக்கக் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார். போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த பாகத்துக்காகக் கடைக்குப் போகிறார்.